அளந்து குடிக்கும் தண்ணீர்

வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம். சிறுநீரகங்கள் முற்றிலும் செயலிழந்த ஒருவர் பொதுவாக ஓராண்டில் 156 முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். கூட்டிப் பார்த்தால் 624 மணி நேரம். முழு நாள்களாகக் கணக்கிட்டால் 26 நாள்கள். பேருந்துப் பயணம், காத்திருப்பு, சிகிச்சை முடிந்தபின் வரும் அசதி ஆகியவற்றைச் சேர்த்தால் இது இன்னும் கூடும். எனினும் ஆண்டின் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வெளியேதான் கழிகிறது. எங்கள் கண்காணிப்பு எட்டாத அந்த நாள்களில் நோயாளியும் அவர் குடும்பத்தாரும் எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் பற்றி இவ்விதழில் எழுத விரும்புகிறேன்.

டயாலிசிஸ் தொடங்கிய முதல் வாரங்களில் ஏறத்தாழ எல்லோருமே என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். "இதை எத்தனை நாள் செய்யணும் டாக்டர்?" என்பது முதற்கேள்வி. திடீரெனச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட சிலருக்குச் சில வாரங்களில் அது மீள்வதுண்டு. நாள்பட்ட செயலிழப்பாயின், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்படும்வரை அல்லது வாழ்நாள் முழுதும் டயாலிசிஸ் தேவைப்படும். இதைச் சொல்லி முடித்ததும் சற்று நேரம் அமைதி நிலவும். பிறகு இரண்டாவது கேள்வி வரும்: "அப்போ இனிமே வாழ்க்கை இவ்வளவுதானா?" நான் படித்த மருத்துவ நூல்களில் இந்தக் கேள்விக்கு ஓர் அத்தியாயம் இல்லை. இதற்கு இன்று என்னால் சொல்ல முடிகிற பதில், எங்கள் பிரிவுக்கு ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருப்பவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதே. அவர்களுள் சிலரைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளேன்.

முதலில், பார்க்க வரும் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். "எல்லாம் நன்மைக்கே", "உன்னால் தாங்க முடியும் என்பதால்தான் கடவுள் உனக்குக் கொடுத்திருக்கிறார்" போன்ற ஆறுதல்களைச் சிறிது காலம் தள்ளி வையுங்கள். அன்புடன் சொல்லப்படுபவைதாம் அவை. ஆனால் இரத்தம் வெளியே ஓடி இயந்திரத்தின் வழியாகத் திரும்பி வருவதை முதன்முறையாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம், 'இதனால் நீ மேம்பட வேண்டும்' என்று கூடுதலாக ஒரு கடமையை அவை சுமத்திவிடுகின்றன. பெருந்துன்பத்துக்குப்பின் மனிதரிடம் தோன்றும் வளர்ச்சியை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன் இருவரும் 1996இல் அதனை அளப்பதற்கு 21 கூற்றுகள் கொண்ட ஒரு வினாத்தாளை வெளியிட்டனர். உறவுகளில் நெருக்கம், புதிய வழிகள், தன்னம்பிக்கை, ஆன்மிக மாற்றம், வாழ்வின் மதிப்பை உணர்தல் ஆகிய ஐந்து துறைகளில் மாற்றத்தை அது தேடுகிறது. அவர்கள் வற்புறுத்திய கருத்துகளுள் இரண்டை நான் எப்போதும் நினைவில் வைத்திருக்கிறேன். துன்பம் தானாக எவரையும் வளர்ப்பதில்லை. அதனோடு மல்லுக்கட்டும் போராட்டத்திலிருந்தே வளர்ச்சி தோன்றுகிறது. அவ்வாறு தோன்றினாலும் வலியும் துயரமும் அதனால் மறைந்துவிடுவதில்லை. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கும்.

அந்தப் போராட்டம் நடக்கும் இடம் பெரும்பாலும் வீரச்செயல்களுக்குரிய களம் அன்று. ஒரு தம்ளரும் ஓர் எடைக்கருவியும் இருக்கும் சமையலறையிலும் கூடத்திலுமே அது நடக்கிறது.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். சிறுநீரகம் செயல்படாதபோது குடித்த நீர் வெளியேற வழியின்றி உடலில் தேங்குகிறது. ஒரு லிட்டர் தேங்கினால் ஒரு கிலோ எடை கூடும். நீரெல்லாம் நீங்கியபின் இருக்க வேண்டிய எடையை 'உலர் எடை' என்கிறோம். அதற்குமேல் நான்கைந்து கிலோ ஏறி வந்தால் அவ்வளவு நீரையும் நான்கு மணி நேரத்தில் வெளியேற்ற வேண்டியிருக்கும். இரத்த அழுத்தம் சரியும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், இதயம் களைக்கும். ஆகவே, முந்தைய நாள் வெளியேறிய சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் அல்லது சற்றுக் கூடுதலாக மட்டுமே ஒரு நாளில் பருகலாம் என்று பொதுவாகக் கூறுகிறோம். (உங்களுக்குரிய அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டு அறியுங்கள்.) காபி, மோர், ரசம், கஞ்சி, பனிக்கட்டி, மாத்திரை விழுங்கும் நீர் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய அறிவுரைதான். சித்திரை வெயிலில் அதைக் கடைப்பிடிப்பது எத்தகையது என்பதை, தாகம் எடுத்ததும் செம்பை எடுத்துக் குடித்துவிடும் என்னைப் போன்றவர்கள் முழுதும் அறிய முடியாது.

எங்கள் பிரிவுக்கு வரும் தையற்கலைஞர் ஒருவர் தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் நான்கு கிலோவுக்குக் குறையாமல் ஏறி வருவார். செவிலியர் கண்டித்தனர், நானும் எடுத்துச் சொன்னேன். வீட்டில் மனைவி தண்ணீர்க் குடத்துக்கே காவலிருந்தார். எதுவும் பயன் தரவில்லை. காவலிருப்பவர் உறங்கும் நேரம் பார்த்து எழுந்து குடித்தார். பிறகு ஒரு நாள் அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் ஒரு பழைய பாட்டிலில் அன்றைக்குரிய தண்ணீரை நிரப்பி, தம் அளவு நாடாவை வைத்துக் கோடுகள் போட்டுக்கொண்டார். தேநீரோ ரசமோ எது குடித்தாலும் அதே அளவு நீரைப் பாட்டிலிலிருந்து வாசலிலுள்ள கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவார். பாட்டிலில் எஞ்சியிருப்பதுதான் இனி அன்று குடிக்கக்கூடியது. "அளவெடுக்கிறது நம்ம தொழில்தானே சார்" என்றார். மூன்று மாதங்களில் அவர் எடையேற்றம் இரண்டு கிலோ அளவுக்குக் குறைந்தது. கால் இழுப்பும் குறைந்தது. கட்டில் மாறிப் படுக்க நேர்ந்தால் பக்கத்துக் கட்டிலுக்கு வருபவருக்கும் பாட்டிலைக் காட்டுவார்.

நாங்கள் சொன்ன அறிவுரைக்கும் அவர் செய்ததற்கும் அளவில் வேறுபாடில்லை. எங்கள் கட்டளையாகவும் மனைவியின் காவலாகவும் இருந்த ஒரு கட்டுப்பாடு, அவருடைய தொழிலறிவால் அவருக்கே உரிய வேலையாக மாறியது என்பதுதான் வேறுபாடு. இதையே நான் வளர்ச்சி என்று கருதுகிறேன். இதைவிடப் பெரிதாக ஒன்றை நோயாளியிடம் எதிர்பார்க்க எனக்கு உரிமையில்லை.

(தாகம் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் மேற்கூறியது பாதியாகிவிடும். தாகத்தைத் தூண்டுவது பெரும்பாலும் உப்பு. ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு, கடையில் வாங்கும் காரவகைகள் குறையாமல் தண்ணீரை மட்டும் குறைப்பது இயலாத காரியம். சர்க்கரை நோயாளிகளுக்கு இரத்தச் சர்க்கரை உயர்ந்தாலும் தாகம் எடுக்கும். சோடியம் குறைந்தது என்று கூறி விற்கப்படும் சில மாற்று உப்புகளில் பொட்டாசியம் இருக்கிறது. அது உங்களுக்கு ஆபத்தானது. மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.)

அடுத்தது கை. மணிக்கட்டிலோ முழங்கையிலோ ஒரு தமனியையும் சிரையையும் இணைத்து 'ஃபிஸ்டுலா' அமைக்கிறோம். நியூயார்க் நகர மருத்துவர்கள் பிரெஷியா, சிமினோ முதலியோர் 1966இல் அறிவித்த முறை இது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இதைவிடச் சிறந்த வழி கிடைக்கவில்லை. அதன்மேல் விரலை வைத்தால் பூனை உறுமுவதுபோல் ஓர் அதிர்வு தெரியும். ஒவ்வொரு நாளும் காலையிலும் இரவிலும் அந்த அதிர்வைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அது நின்றுவிட்டாலோ மங்கிவிட்டாலோ விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். சில மணி நேரத் தாமதத்தில் ஃபிஸ்டுலாவை இழக்க நேரிடலாம். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி குத்தவோ எவரையும் அனுமதிக்கக் கூடாது. இறுக்கமான வளையலும் கைக்கடிகாரமும் வேண்டா. அந்தக் கையை அடியில் மடித்து உறங்கலாகாது.

வேறொரு மருத்துவமனையில் காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்ட பெண்மணி ஒருவர், ஃபிஸ்டுலா இருந்த கையில் ஊசி போட வந்தவரை மறுகையால் தடுத்து நிறுத்தினார். எவரையும் எதிர்த்துப் பேசியறியாதவர் அவர். என் அறைக்கு வந்தாலும் பதினைந்து ஆண்டுகளாகக் கணவர்தான் அவருக்காகப் பேசுவார். "இது என் உயிர் போற வழி, வேற கையில போடுங்கம்மா" என்று சொன்னதாக அவரே பின்னர் என்னிடம் தெரிவித்தார். கணவர் அருகில் வாயடைத்து நின்றிருந்தாராம். தம் உடலைப் பற்றித் தாமே பேசும் பழக்கம் அன்றிலிருந்து அவருக்குத் தொடர்ந்தது. இப்போது மாதப் பரிசோதனை முடிவுகளைத் தாமே வாங்கிப் படிக்கிறார். பொட்டாசியம் ஏன் கூடியது என்று என்னிடம் விளக்கம் கேட்கிறார். கேள்விகள் சில சமயம் கடினமாகவே இருக்கின்றன.

பொட்டாசியம் என்றதும் சமையலறைக்கு வந்தாக வேண்டும். இளநீர், வாழைப்பழம், தக்காளி, கீரை என்று நம் ஊரில் உடலுக்கு நல்லவை எனப் போற்றப்படும் பலவும் சிறுநீரக நோயாளிக்கு அளவோடு நிறுத்த வேண்டியவை அல்லது தவிர்க்க வேண்டியவை ஆகிவிடுகின்றன. காய்களைச் சிறு துண்டுகளாக நறுக்கி, வெந்நீரில் ஊற வைத்து, மிகுந்த நீரில் வேக வைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியத்தின் ஒரு பகுதி குறையும். சத்தெல்லாம் போய்விடுமே என்று பாட்டிமார்கள் வருந்துவார்கள். வருந்தத் தக்கதுதான், வேறு வழியில்லை.

அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மாள் டயாலிசிஸ் தொடங்கியதும் அவர் மருமகளும் மகனும் அவரைச் சமையலறைப் பக்கமே வரவிடவில்லை. "நீங்க உட்காருங்க அத்தை, நான் பார்த்துக்கிறேன்" என்று மருமகள் மனமுவந்து எல்லாவற்றையும் செய்தார். நாற்பது ஆண்டுகளாக ஒரு குடும்பத்துக்கு உணவளித்த அந்தக் கைகள் சும்மா கிடந்தன. இரண்டு மாதங்களில் அவர் பேச்சைக் குறைத்தார், உணவைக் குறைத்தார். இரத்தப் பரிசோதனைகளில் இந்த வாட்டத்துக்குப் போதிய விளக்கம் கிடைக்கவில்லை. எங்கள் உணவியல் நிபுணர் ஒரு முறை மருமகளை விட்டுவிட்டு மாமியாரிடமே காய் வடிக்கும் முறையை விளக்கி, "இதை நீங்கதான் பார்த்துக்கணும்" என்று ஒப்படைத்தார். அன்றிலிருந்து உட்கார்ந்தபடியே காய் நறுக்குவதும், நீரை வடிப்பதும், தமக்கும் பேரக்குழந்தைகளுக்கும் சுவை தனித்தனியாக அமையத் தாளிப்பதும் அவர் பொறுப்பாயின. மருமகளுக்கு இதில் சற்று மனவருத்தம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அன்பாகச் செய்ததைக் குறை கூறுவதுபோல் அவருக்குப் பட்டது. அத்தையிடம் சேமியா உப்புமா கேட்டு வாங்கிச் சாப்பிட்டபின் அது தீர்ந்துவிட்டதாக அறிகிறேன்.

உதவியாளர்களாகிய உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். நோயுற்றவரால் செய்ய முடியாததை நீங்கள் செய்யுங்கள். முடிவதை அவரிடமே விட்டுவையுங்கள். மின்கட்டணம் செலுத்துவது, பேரனுக்குக் கணக்குச் சொல்லித் தருவது, ரேஷன் அட்டையையும் காப்பீட்டுத் தாள்களையும் கோப்பில் ஒழுங்காக வைப்பது என்று எதுவாயினும் சரி. தாம் செய்யாவிட்டால் வீட்டில் ஒரு காரியம் நின்றுவிடும் என்ற நிலை, படுக்கையிலிருந்து எழுவதற்கு ஒருவருக்குப் போதுமான காரணமாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இவ்வாறு எழுதும்போது எல்லாக் கதைகளும் நன்றாகவே முடிவதுபோல் தோன்றக்கூடும். லாரி ஓட்டிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரால் நெடுந்தொலைவு செல்ல இயலாமற்போயிற்று. வாரத்தில் மூன்று நாள் ஊரில் இருந்தாக வேண்டும். கைபேசி பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டு சிறு கடை வைத்தார். மாலை நேரச் சிகிச்சைக்கு மாற்றிக் கொடுத்தோம். வருமானம் முன்பிருந்ததில் பாதிகூட இல்லை. திருமணப் பேச்சு நின்றுபோனது. மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வார். ஆனால் ஒரு கைபேசி அவர் கையில் மீண்டும் ஒளிரும்போது முகத்தில் தெரியும் நிறைவையும் நான் பார்த்திருக்கிறேன். இழப்பை ஈடுசெய்துவிட்டார் என்று கூற மாட்டேன். இழப்போடு ஒரு வாழ்க்கையை அமைத்திருக்கிறார்.

சில நாள்களில் எவருக்கும் எதுவும் இயலாது. பல வாரங்களாக உறக்கமின்மை, எதிலும் விருப்பமின்மை, அடிக்கடி அழுகை, காரணமின்றி டயாலிசிஸைத் தவறவிடுதல் ஆகியவை காணப்பட்டால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். டயாலிசிஸ் செய்துகொள்வோரிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. மன உறுதிக் குறைவு என்று இதைக் கருதலாகாது. பேச்சு வழிச் சிகிச்சையும், சிறுநீரக நோயாளிக்கேற்ற அளவில் மருந்துகளும் உள்ளன. ஒரு முறை தவறவிடுவதுகூட ஆபத்தானது: பொட்டாசியம் உயர்ந்து இதயத் துடிப்பைப் பாதிக்கலாம்; நீர் நுரையீரலில் தேங்கி மூச்சுத்திணறல் வரலாம். வாரத்தின் நீண்ட இடைவெளியை ஒட்டி வரும் முறையைத் தவறவிடுவது இன்னும் ஆபத்தானது.

"போதும் டாக்டர்" என்று ஒருவர் சொல்லும்போது நாங்கள் அவசரப்பட்டு மறுப்பதில்லை. மனச்சோர்வு, வலி, பணக்கவலை, வீட்டாருக்குப் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணம் ஆகியவற்றுள் எது அவரைப் பேச வைக்கிறது என்று முதலில் கண்டறிகிறோம். அவற்றுள் பல தீர்க்கக் கூடியவை. மூப்பும் வேறு கடும் நோய்களும் சேர்ந்துகொண்ட சிலர், தெளிந்த மனத்துடன் குடும்பத்தாரோடு பலமுறை பேசியபின் இனி இயந்திரம் வேண்டாம் என முடிவெடுப்பதும் உண்டு. அவர்களுக்கு மூச்சுத்திணறலும் வலியும் குறைய வலி தணிப்புச் சிகிச்சை அளிக்கிறோம், கைவிடுவதில்லை. அவ்வாறு முடிவெடுத்தவர் வாழ்க்கைச் சோதனையில் தோற்றவர் என்று எவரேனும் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது.

உடன் வருபவர்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். எங்கள் காத்திருப்புக் கூடத்தில் அமர்ந்திருப்போரில் பெண்களே அதிகம். நம் நாட்டில் உயிருடன் இருக்கும்போது சிறுநீரகம் தருவோரிலும் தாய்மாரும் மனைவியரும் பெரும்பான்மையாக உள்ளனர். ஒரு குடும்பத்தில் தியாகம் எப்போதும் ஒருவர் பங்காகவே அமைவதை நான் இயல்பென ஏற்கத் தயங்குகிறேன். எட்டு ஆண்டுகளாகக் கணவரை அழைத்து வந்த ஒருவர், அவருடைய ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் வேளையையும் மனப்பாடமாகச் சொல்வார். அவருடைய சர்க்கரை அளவை ஒரு முறை பார்த்தபோது 300க்கு மேல் இருந்தது. தமக்கென்று பரிசோதனை செய்துகொள்ள அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமுமே சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மையான காரணங்கள். ஆகவே உடன் வருபவர்கள் ஆண்டுக்கொரு முறையேனும் சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியாட்டினின் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாரத்தின் மூன்று நாள்களையும் மகன், மகள், தம்பி, அண்டைவீட்டார் என்று பகிர்ந்துகொள்ள முடியுமா என்றும் வெளிப்படையாகப் பேசிப் பாருங்கள். கேட்கப்படாததாலேயே உதவாதிருப்போர் பலர்.

இந்தச் சிகிச்சை எங்கிருந்து வந்தது என்று கேட்போருக்கு நான் இருவரைப் பற்றிச் சொல்வதுண்டு. ஜெர்மானியர் ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தில், காம்பென் என்னும் சிற்றூரில், வில்லெம் கால்ஃப் என்ற மருத்துவர் 1943இல் முதல் செயற்கைச் சிறுநீரகத்தைப் பயன்படுத்தினார். கொத்திறைச்சி அடைக்கும் செலோஃபேன் குழாயை மர உருளையில் சுற்றிச் செய்த கருவி அது. முதலில் வந்த நோயாளிகளை அதனால் காப்பாற்ற இயலவில்லை. 1945இல் 67 வயதான சோஃபியா ஷாஃப்ஸ்டட் என்ற பெண்மணி மயக்கநிலையிலிருந்து மீண்டெழுந்தார். ஆனால் மீளாத செயலிழப்புக்கு மீண்டும் மீண்டும் சிகிச்சை அளிக்க வழி பிறந்தது 1960இல்தான். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையில் நிலையாகப் பொருத்திய டெஃப்லான் குழாய்களின் வழியே கிளைட் ஷீல்ட்ஸ் என்ற இயந்திரத் தொழிலாளிக்கு டயாலிசிஸ் தொடங்கினார். அவர் மேலும் பதினோர் ஆண்டுகள் வாழ்ந்தார். "இவ்வளவுதானா?" என்று முதன்முதலில் கேட்டிருக்கக் கூடியவர் அவரே. அவருக்கு முன் இந்தப் பாதையில் நடந்து காட்ட எவரும் இருக்கவில்லை.

உங்களுக்கு முன் நடந்தவர்கள் பக்கத்துக் கட்டிலிலேயே இருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர் விரும்பினால், சில ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் ஒருவருடன் பேச எங்கள் செவிலியர் ஏற்பாடு செய்வார்கள். நான் அரை மணி நேரம் விளக்கியும் மனத்தில் பதியாதது, "முதல் மாசம் எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்ற ஒரு சொல்லில் பதிந்துவிடுகிறது. அப்படிப் பேச முன்வருபவர்களில் தையற்கலைஞரும் ஒருவர். அனுபவமுள்ளவர்களுள் இதைச் செய்ய விரும்புவோர் டயாலிசிஸ் பிரிவுச் செவிலியரிடம் பெயரைத் தெரிவிக்கலாம்.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது எடை, இரத்த அழுத்தம், பருகிய நீர் ஆகியவற்றைக் குறித்த ஏட்டுடன், நீங்கள் தொடர்ந்து செய்ய விரும்பும் ஒரு வேலையையும் அதற்குரிய நேரத்தையும் எழுதி வாருங்கள். கடை திறக்கும் வேளை, பள்ளி விடும் வேளை, கோயிலில் பாடும் நாள், எதுவாக இருந்தாலும் சரி. எல்லோருக்கும் கேட்ட நேரத்தைக் கொடுக்க இடமில்லை. ஆயினும் காலை, நண்பகல், மாலை என்ற மூன்று முறைகளில் அதற்கேற்ப மாற்ற முடிகிறதா என்று முதலில் பார்ப்போம். வீட்டிலேயே நாள்தோறும் வயிற்றறை வழியாகச் செய்துகொள்ளும் டயாலிசிஸ் உங்களுக்குப் பொருந்துமா என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளலாம்.